மில்லுக்குள் போக வேண்டாம், ஒரு ஷட்டர் போதும்

கேள்வி: அக்கா, நானும் என் நண்பனும் ஓவர்சைஸ் டி-ஷர்ட் அச்சடித்து இன்ஸ்டாகிராமில் விற்கிறோம். ஆறு புது டிசைனுக்குப் படம் எடுக்க வேண்டும். பழைய மில், துருப்பிடித்த இரும்பு மாதிரி பின்னணி தேடுகிறோம். கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது. கேமரா வாடகைக்கு எடுக்கலாமா? புதுச்சேரி ரோடியர் மில்லுக்குள் போய் எடுக்கலாமா?
- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ரோடியர் மில் வேண்டாம், தம்பி. 1898-ல் தொடங்கிய ஆலை, 2020-ல் மூடிவிட்டார்கள். முதலியார்பேட்டை பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். அனுமதி இல்லாமல் சுவரேறிக் குதித்து உள்ளே போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய கட்டடம், எது எப்போது விழும் என்றும் தெரியாது. ரயில் தண்டவாளமும் கூடாது. ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சிப்காட் கம்பெனி வாசலில் கேமராவைத் தூக்கினால் செக்யூரிட்டி விரட்டுவார். அவர் வேலை அது.

புதுச்சேரியிலேயே இருக்கும் தட்டாஞ்சாவடி அல்லது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு ஞாயிறு காலை போங்கள். முதல் நாளே ஒரு பட்டறைக்காரரிடம், "அண்ணே, நாளைக்குக் காலையில உங்க ஷட்டர் முன்னாடி ரெண்டு மணி நேரம் படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். மூடிய ஷட்டர், தகர ஷீட், கிரீஸ் படிந்த தரை என்று நீங்கள் தேடுவதெல்லாம் அங்கேயே இருக்கிறது.

வெளிச்சம்தான் முக்கியம். ஆறரைக்கெல்லாம் கிழக்குப் பார்த்த ஷட்டர் முன் நில்லுங்கள். சாய்வெயிலில் துருவும் தகரத்தின் மடிப்பும் எடுப்பாகத் தெரியும். வெயில் ஏறியதும் மேற்குப் பார்த்த சுவருக்கு மாறுங்கள். அந்த நிழலில்தான் அச்சின் நிறம் உள்ளபடி விழும். பச்சைச் சுவரை ஒட்டி வெள்ளை டி-ஷர்ட்டை நிறுத்தாதீர்கள், துணியிலும் பச்சை அடிக்கும்.

கேமரா வாடகையே வேண்டாம், போன் போதும். ஆனால் வைடு லென்ஸைத் தொடாதீர்கள். கிட்டே நின்று எடுத்தால் உடம்பும் டிசைனும் கோணலாகும். நாலடி பின்னால் போய் 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். திரையில் டி-ஷர்ட் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். முகத்தில் நிழல் விழுந்தால், ஸ்டேஷனரி கடையில் வாங்கிய வெள்ளைத் தெர்மாகோல் ஷீட்டை எதிர்ப்பக்கம் ஒருவர் பிடித்தால் சரியாகிவிடும்.

செலவில் முதல் பங்கு, நடிக்க வரும் நண்பர்களின் பஸ் சார்ஜுக்கும் டிபனுக்கும். நண்பன்தானே என்று பசியோடு நிறுத்தாதீர்கள், அது முகத்தில் தெரியும். அடுத்தது அயர்ன் செலவு. ஆறு டி-ஷர்ட்டையும் தேய்த்து ஹேங்கரிலேயே கொண்டுபோங்கள். மடித்த கோடு அச்சுக்குக் குறுக்கே விழுந்தால் படமே பாழ். பேன்ட், ஷூ எல்லாம் அவரவர் வீட்டில் இருப்பதே போதும்.

ஒவ்வொரு டிசைனுக்கும் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை இறங்கும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் நேராக நின்று எடுத்துவிடுங்கள். ஸ்டைல் படமெல்லாம் அதற்குப் பிறகு. போட்டிருப்பவர் உயரத்தையும் சைஸையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். ஓவர்சைஸ் வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.