எக்செலில் ஐஎஸ்பிஎன் எண்கள் சுருங்குவது பற்றி

புத்தகப் பட்டியல் செயலியிலிருந்து ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) எக்செலில் திறந்தால், ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) சுருங்கித் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செலின் 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக ஏற்றி, 'டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஐஎஸ்பிஎன் முழுசாக வரும்.

13 இலக்கத்தை எக்செல் சாதாரண எண்ணாக எடுத்துக்கொள்வதால்தான் உங்களுக்குப் புள்ளி வைத்துச் சுருங்கித் தெரிகிறது. அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கியதுதான் பதியும். பழைய 10 இலக்க எண்களின் கதை இன்னும் மோசம்: முன்னால் இருக்கும் 0 சத்தமில்லாமல் காணாமல் போகும். (கடைசியில் X என்ற எழுத்து உள்ளவை தப்பித்துவிடும்.)

முதலில் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே முழு எண் இருந்தால் பட்டியல் செயலிமேல் தப்பில்லை. அங்கேயும் சுருங்கியிருந்தால், எக்செலில் எதைச் செய்தாலும் இலக்கங்கள் திரும்பாது. செயலியிலிருந்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.