பழைய ஹாலிவுட்: மறைத்து வைத்த வாழ்க்கைகள் (கேள்வி பதில்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செத்தவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார். ஆதாரமில்லாத கிசுகிசுவுக்கு இங்கே பதில் கிடையாது.

கோவை வாசகர்: நட்சத்திரங்கள் ஏன் அவ்வளவு பயந்தார்கள்?

1921இல் ஒரு நடிகையின் மரணம் தொடர்பாக நகைச்சுவை நடிகர் ஃபேட்டி ஆர்பக்கிள் மீது வழக்கு வெடித்த பிறகு நடிகர்களின் ஒப்பந்தங்களில் ஒழுக்க விதி நுழைந்தது. பெயர் கெட்டால் வேலை போய்விடும்.

மதுரை வாசகி: நடிகை லோரெட்டா யங் பெற்ற மகளையே தத்தெடுத்தாராமே?

உண்மைதான். 1935இல் நடிகர் கிளார்க் கேபிளுடன் நடித்த படத்தின்போது கருவுற்றார். கேபிள் மணமானவர். வதந்தி கிளம்பியதும், லோரெட்டா வயிறு தெரியாதபடி போர்வைக்குள் படுத்துக்கொண்டே நிருபருக்குப் பேட்டி கொடுத்தார். நவம்பரில் ஜூடி பிறந்தாள். குழந்தையை ஒளித்து வைத்து, 1937இல் தத்தெடுத்ததாக அறிவித்தார். ஆனால் காதுகள் அப்படியே கேபிளின் காதுகள்! குல்லாய் போட்டு மறைத்தார்கள். ஏழு வயதில் அறுவை சிகிச்சையே செய்துவிட்டார்கள். ஊருக்கே தெரிந்த சேதியை ஜூடிக்குச் சொன்னவர், அவளை மணக்கவிருந்தவர். தாய் ஒப்புக்கொண்டது 1966இல். அதற்குள் கேபிள் இறந்து ஆறு ஆண்டுகள்.

சேலம் வாசகர்: மர்லின் மன்றோ கொலை செய்யப்பட்டாரா?

1962இல் மரண விசாரணை அதிகாரி எழுதியது: தற்கொலையாக இருக்கலாம்.

திருச்சி வாசகர்: புகழுக்காக மகளிடமே பொய் சொன்னவர் ஒரு தாயா?

அப்போது லோரெட்டாவுக்கு 22 வயது, பக்தியுள்ள கத்தோலிக்கர். கருக்கலைப்பு அவருக்குப் பாவம், மணமாகாத தாய்க்குப் படவுலகில் இடமில்லை. வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? அது காதலே அல்ல, வன்புணர்வு என்று லோரெட்டா முதுமையில் சொன்னதாக அவருடைய மகனின் மனைவி 2015இல் வெளிப்படுத்தினார். கேபிளுக்கு என்ன நேர்ந்தது? ஒன்றுமில்லை. என் கோபம் அந்த ஏற்பாட்டின் மீது.

அதே வாசகர்: செத்தவர் மறுக்க மாட்டார் என்றீர்களே?

கேபிளுக்கும் அது பொருந்தும். அதனால்தான் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று சேர்த்தே எழுதினேன். அந்தக் கூற்றைத் தீர்ப்பாக்க மாட்டேன், புதைக்கவும் மாட்டேன்.

யாழ்ப்பாண வாசகி: நடிகை மெர்ல் ஓபரானுக்கு இலங்கைத் தொடர்பு உண்டா?

உண்டு. ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டாலும் அவர் பிறந்தது பம்பாயில், 1911இல். தாயாக இருந்து வளர்த்த சார்லட் இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண், உண்மையில் பாட்டி. நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, விருந்தினர் முன் சார்லட் வேலைக்காரியாக நின்றார். லோரெட்டாவுக்காக வாதாடிய எனக்கே இது நெஞ்சில் முள்.

ஈரோடு வாசகர்: மர்லின் மரணத்தில் கென்னடி...

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள்.

சென்னை வாசகி: மறைக்க மறுத்தவர் யாருமே இல்லையா?

தன்பாலீர்ப்பாளரான நடிகர் வில்லியம் ஹெய்ன்ஸ். துணைவர் ஜிம்மி ஷீல்ட்ஸைப் பிரிய மறுத்து நட்சத்திர வாழ்வை இழந்தார். பிறகு வீட்டு உள்அலங்காரத் தொழிலில் புகழ்பெற்றார். நடிகை ஜோன் க்ராஃபோர்டே அவருடைய வாடிக்கையாளர். 1973இல் இறக்கும்வரை ஷீல்ட்ஸுடனேயே வாழ்ந்தார்.