இறக்கத்தில்தான் குளிர்

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு விடியற்காலையில் சைக்கிளில் ஏறுகிறேன். ஏறும்போது வேர்க்கிறது, இறங்கும்போது நடுங்குகிறது. வீட்டிலிருக்கும் மழைக்கோட்டு போதாதா?
(காரமடை வாசகர்)

பதில்: போதாது. நானும் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த வழியே இறங்கியவன்தான். அரவேணு தாண்டுவதற்குள் உள்ளே வேர்வை தேங்கி, பனியன் ஈரத்துணியாக ஒட்டிக்கொண்டது. உங்களுக்கு வேண்டியது மெல்லிய நைலான் காற்றுத்தடுப்பு ஜாக்கெட். 100 கிராம் சுமாருக்குக் கிடைக்கும். சுருட்டினால் மூடிய கையளவு, ஜெர்சியின் (சைக்கிள் சட்டையின்) முதுகுப் பையில் அடங்கிவிடும்.

கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று சுலபமாக மறுபக்கம் போனால் வாங்காமல் வைத்துவிடுங்கள். முதுகில் மட்டும் வலைத்துணி இருந்தால் நல்லது, வேர்வை ஆறும். அப்புறம், நிமிர்ந்து நின்று அளவு பார்க்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் குனியுங்கள். இடுப்பு தெரியக்கூடாது, மணிக்கட்டு மூடியிருக்க வேண்டும். தொளதொளவென்றிருந்தால் இறக்கத்தில் கப்பல் பாய்தான்!

ஏறும்போது போடவே வேண்டாம். கோத்தகிரியில் டீ சொல்வதற்கு முன்பே, உடம்பு சூடாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஜாக்கெட் வாங்கும்வரை? செய்தித்தாளை மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சோடு செருகுங்கள். ஐரோப்பாவின் பழைய பந்தய வீரர்கள் மலையிறங்கியது அப்படித்தான்.