மெயின் லைன் இல்லாத இடத்தில் கேரவன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கரண்ட் இணைப்பே கிடைக்காத இடங்களில் கேரவனை (இன்னொரு வண்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) நிறுத்தித் தங்க ஆசை. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், 4 எல்.ஈ.டி. விளக்கு, ஒரு ஃபேன், தண்ணீர் பம்பு, ஒரு லேப்டாப், 2 போன் ஓட வேண்டும். எத்தனை வாட் பேனல் வாங்கலாம்?

பதில்: பேனலைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் ஒரு நாள் செலவை எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் 45 வாட் என்றால், வெயில் நாளில் கம்ப்ரசர் பாதி நேரம் ஓடும் என்று வைத்து, 24 மணி நேரத்துக்கு 540 வாட்-மணி. 5 வாட் விளக்கு நான்கு, 4 மணி நேரம்: 80. ஃபேன் 20 வாட், இரவு 8 மணி நேரம்: 160. பம்பு 60 வாட், மொத்தமாக 20 நிமிடம்: 20. லேப்டாப் 50 வாட், 3 மணி நேரம்: 150. போன் இரண்டுக்கும் 30. கூட்டினால் 980. வயரிலும் சார்ஜரிலும் போகும் சேதாரத்தைச் சேர்த்து 1,100 என்று வையுங்கள். இதில் பாதியை ஃப்ரிட்ஜ் ஒன்றே தின்கிறது. விளக்கைக் குறைத்து மிச்சம் பிடிப்பதைவிட, ஃப்ரிட்ஜைச் சுற்றிக் காற்றோட்டம் விட்டு, கதவை அடிக்கடி திறக்காமல் இருந்தால் கிடைக்கும் மிச்சம் பெரிது.

அடுத்து பேட்டரி. வெயிலே இல்லாமல் 2 நாள் தாங்க 2,200 வாட்-மணி கையில் இருக்க வேண்டும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 12.8 வோல்ட் கணக்குக்கு 1,280 வாட்-மணி உண்டு. அதில் 85 சதவீதம் எடுக்கலாம். ஆக இரண்டு போதும். லெட் ஆசிட் டீப் சைக்கிள் (நீண்ட நேரம் கரண்ட் கொடுக்கச் செய்த) பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் கரையும். அதே வேலைக்கு அதில் கிட்டத்தட்ட 400 ஆம்பியர்-மணி வேண்டும், எடையும் 100 கிலோவைத் தாண்டும். கேரவனுக்கு ஏற்றும் எடைக்கு வரம்பு இருப்பதால் இந்த வித்தியாசம் சாதாரணமல்ல. வண்டியின் செல்ஃப் பேட்டரியை மட்டும் இந்த வேலைக்கு வைக்காதீர்கள். ஒரு நொடி பெரிய கரண்ட் தருவதற்காகச் செய்தது அது, இரவெல்லாம் கொடுக்க அல்ல.

இப்போது பேனல். கூரையில் படுக்கையாக ஒட்டிய 100 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமாக வாங்கினாலும், சூடு, தூசு, கோணம் எல்லாம் போக 350 வாட்-மணி தந்தால் நல்ல விளைச்சல். 1,100-ஐ ஈடுகட்ட 315 வாட் வரும். 400 வாட் போடுங்கள். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே 2, 3 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். சூடு ஏற ஏறப் பேனலின் உற்பத்தி இறங்கும்.

கேள்வி: பேட்டரி முனையில் மீட்டர் 12.4 வோல்ட் காட்டுகிறது. ஆனால் ஃப்ரிட்ஜ் கிளம்பும்போதே சிவப்பு விளக்கு சிமிட்டி நின்றுவிடுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். ஃப்ரிட்ஜ் 6 மீட்டர் தள்ளி இருக்கிறது, 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர்.

பதில்: பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள். காரணத்தைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

12 வோல்ட் வேலையில் வயர்தான் ஆள். போகும் வழி, வரும் வழி இரண்டையும் சேர்த்தால் உங்களுக்கு 12 மீட்டர் செம்பு. நீளத்தை 0.0175-ஆல் பெருக்கி, வயரின் ஸ்கொயர் எம்.எம். அளவால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 12 பெருக்கல் 0.0175 வகுத்தல் 1.5 என்றால் 0.14 ஓம். ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுத்து ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கிளம்பும் நொடியில் 10 ஆம்பியர் இழுத்தால் 1.4 வோல்ட் போகும். 12.4-இல் கிளம்பிய மின்சாரம் ஃப்ரிட்ஜுக்கு வந்து சேரும்போது 11 வோல்ட்தான். பல ஃப்ரிட்ஜ்களில் பேட்டரி பாதுகாப்புக்கு மூன்று நிலை இருக்கும். உயர்ந்த நிலையில் வைத்திருந்தால் 11-க்கு மேலேயே அது நிறுத்திவிடும். 6 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டால் அதே 10 ஆம்பியருக்கு இழப்பு 0.35 வோல்ட்.

வாங்குமுன் சோதித்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடாதபோது இழப்பும் இல்லை. ஃப்ரிட்ஜைத் தாழ்ந்த பாதுகாப்பு நிலைக்கு மாற்றி, ஓட வையுங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஃப்ரிட்ஜின் பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதே அந்த ஒரு வயரில் தொலையும் வோல்ட். நெகட்டிவுக்கும் அப்படியே. பிறகு முனையைத் துண்டு துண்டாக நகர்த்துங்கள்: ஃபியூஸ் ஹோல்டரின் இரு பக்கம், சுவிட்சின் இரு பக்கம், சாக்கெட். ஒரு ஜாயின்ட்டில் மட்டும் 0.2 வோல்ட் விழுந்தால் குற்றவாளி அங்கே. சிகரெட் லைட்டர் சாக்கெட் என்றால் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாகவும், நடு முனை நிறம் மாறியும் இருந்தால் அந்த ஸ்பிரிங் தொடர்பு தளர்ந்துவிட்டது. வண்டி அதிர்வில் அது தளராமல் இருக்காது. அதைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ டெர்மினலில் கட்டுங்கள்.

கேள்வி: 2,000 வாட் இன்வர்ட்டர் போட்டால் கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடுமா?

பதில்: ஓடும். ஆனால் 2,000 வாட் கெட்டில் ஓடும் 5 நிமிடமும் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் போகும். உங்கள் பேட்டரியின் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் சர்க்யூட்) 100 ஆம்பியருக்கானது என்றால் சீக்கிரமே துண்டித்துவிடும். வயர் 70 ஸ்கொயர் எம்.எம். தேவைப்படும், லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்த வேண்டும், சுத்தியலால் தட்டினது கொஞ்ச நாளில் சூடேறும். கெட்டிலாவது 5 நிமிடத்தில் முடிகிறது. 1,500 வாட் இண்டக்‌ஷன் அரை மணி நேரம் எரிந்தால், முதல் கேள்வியில் போட்ட ஒரு நாள் கணக்கில் முக்கால் பங்கு காலி. சூடு உண்டாக்கும் வேலையை கேஸுக்கு விடுங்கள், பேட்டரி நிம்மதியாக இருக்கும்.

இன்னொன்று, இன்வர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருந்தாலே 15 வாட் அளவுக்குத் தின்னும். நாள் முழுக்க விட்டால் 360 வாட்-மணி. போனுக்கும் லேப்டாப்புக்கும் 12 வோல்ட்டிலேயே ஓடும் சார்ஜர் வைத்தால் இன்வர்ட்டரை ஆன் செய்யும் வேலையே பெரும்பாலும் வராது. வாங்குவதானால் ப்யூர் சைன் வேவ் (மெயின் கரண்ட் போலவே சீரான அலை தரும் வகை) வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் கேரவனில் கேஸ், 12 வோல்ட், மெயின் மூன்றிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதை சோலாரில் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அது கம்ப்ரசர் இல்லாமல் சூட்டினால் ஓடுவது. 12 வோல்ட்டில் நிற்காமல் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 400 வாட் பேனல் அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. வண்டி ஓடும்போது 12 வோல்ட், நிறுத்திய இடத்தில் கேஸ்.

கேள்வி: லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு லித்தியம் போட்டேன். பழைய ரிலே (இரு பேட்டரியையும் நேராக இணைக்கும் சுவிட்ச்) வழியாகவே இழுக்கும் வண்டியிலிருந்து சார்ஜ் ஆகிறது. ஆல்டர்நேட்டர் (என்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி) பக்கம் சூட்டு வாடை வருகிறது.

பதில்: இன்றைக்கே அந்த ரிலேயைத் துண்டியுங்கள். லெட் ஆசிட் நிரம்ப நிரம்பத் தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. கொடுத்ததையெல்லாம் கிட்டத்தட்ட நிரம்பும் வரை வாங்கிக்கொண்டே இருக்கும். என்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்நேட்டரின் விசிறி மெதுவாகத்தான் சுற்றும், வேலையோ முழு அளவு. அதனால்தான் சூடு.

நடுவில், கரண்டை அளவாகக் கொடுக்கும் 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் போடுங்கள். 3 மணி நேர ஓட்டத்தில் 90 ஆம்பியர்-மணி வரை ஏறும். புது வண்டிகளில் ஆல்டர்நேட்டர் தானே வோல்ட்டை ஏற்றி இறக்குவதால் அங்கே இது இல்லாமல் ஒழுங்காக நிரம்பாது. கேரவனின் பல முனை பிளக்கில் உள்ள மெல்லிய வயரை நம்பாதீர்கள். தனியாக 16 ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்து, 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் வையுங்கள். ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும். இரு பக்கமும் பேட்டரி இருப்பதால் வயர் எங்கே நசுங்கினாலும் இரு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும்.

கேள்வி: பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். இருக்கிறதே, பிறகு ஃபியூஸ் எதற்கு?

பதில்: பி.எம்.எஸ். செல்லைக் காக்க, ஃபியூஸ் வயரைக் காக்க. பி.எம்.எஸ்.ஸில் உள்ள எலக்ட்ரானிக் சுவிட்ச் கெட்டால் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளவும் கூடும். பாசிட்டிவ் முனையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கட்டும், அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் இல்லை. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும், சாதாரண ஃபியூஸ் உருகிய பின்னும் உள்ளே தீப்பொறி தொடரலாம். மெயின் ஃபியூஸுக்கு டி (ஆங்கில T) கிளாஸ் வகைதான் சரி. 1,000 வாட் இன்வர்ட்டர் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 35 ஸ்கொயர் எம்.எம். வயரும் 125 ஆம்பியர் ஃபியூஸும்.

கேள்வி: பேட்டரி மானிட்டர் 80 சதவீதம் காட்டும்போதே எல்லாம் அணைந்துவிட்டது. மானிட்டர் பழுதா?

பதில்: முதலில் நெகட்டிவ் முனையைப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவில் ஷன்ட்டுக்கு (மானிட்டருக்காக கரண்டை அளக்கும் துண்டு) போகும் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். பம்பு நெகட்டிவையோ இன்வர்ட்டர் நெகட்டிவையோ யாராவது நேராகப் பேட்டரியில் மாட்டியிருந்தால் அந்தச் செலவு மானிட்டர் கண்ணில் படாது. எல்லாவற்றையும் ஷன்ட்டின் மறுபக்கம் மாற்றி, ஒரு முறை முழுவதும் சார்ஜ் ஏற்றி, 100-க்கு ரீசெட் செய்யுங்கள். வோல்ட்டைப் பார்த்து லித்தியத்தை எடை போட முடியாது. 30 சதவீதத்திலும் 90 சதவீதத்திலும் அது 13 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும்.

கேள்வி: நான்கு மாதம் கேரவனைப் பயன்படுத்த மாட்டோம். பேட்டரியை எப்படி வைப்பது?

பதில்: லித்தியம் என்றால் பாதி சார்ஜில், எல்லா இணைப்பையும் துண்டித்து. லெட் ஆசிட் என்றால் நேர்மாறு: முழுவதும் ஏற்றி வைத்து, மாதம் ஒரு முறை திரும்ப ஏற்றுங்கள், இல்லாவிட்டால் தகட்டில் சல்பேட் படியும். துண்டிக்கும்போது முதலில் பேனலைக் கழற்றுங்கள், பிறகு பேட்டரியை. மாட்டும்போது பேட்டரி முதலில். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் மாட்டியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். குளிர் பிரதேசமானால், 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்கு சார்ஜ் கொடுக்காதீர்கள். செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அது திரும்பாது.