பல் கட்டுவது பற்றிக் கேளுங்கள்: கேப், பிரிட்ஜ், கொஞ்சம் வாக்குவாதம்

செயற்கைப் பல் பிரிவில் மேற்படிப்பு முடித்து, அன்றாடம் இதே வேலையைச் செய்கிற பல் மருத்துவன் நான். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். வாயைப் பார்க்காமல் சொல்லும் பதிலுக்கு ஓர் எல்லை உண்டு. எக்ஸ்ரே இல்லாமல் சொல்ல முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து எட்டு மாதம் ஆகிறது. வலி சுத்தமாக இல்லை. கேப் போட வரச் சொல்லி கிளினிக்கில் இருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. காசு பிடுங்கத்தானே சார் இதெல்லாம்?

பதில்: வலி இல்லாததுதான் இங்கே ஆளை ஏமாற்றுகிறது. ரூட் கேனலில் பல்லுக்குள் இருக்கும் நரம்பையும் ரத்தக் குழாயையும் எடுத்துவிடுகிறோம். அப்புறம் அந்தப் பல் கூசாது. விரிசல் விட்டாலும் சீக்கிரம் தெரியாது. சொத்தை ஏற்கெனவே ஒரு பகுதியைத் தின்றிருக்கும். வேருக்குள் இறங்க வழி செய்வதற்காக நடுவில் இன்னொரு பகுதியை நாங்கள் எடுத்திருப்போம். மிச்சம் இருப்பது நாலு மெல்லிய சுவர்தான். கடிக்கும்போது அந்தச் சுவர்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். சீடையோ மட்டன் எலும்போ, ஏதோ ஒரு நாள் பிளந்துவிடும். மேலே மட்டும் உடைந்தால் தப்பித்தீர்கள். பிளவு வேர்வரை இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி அநேகமாக இருக்காது, ரூட் கேனலுக்குக் கொடுத்த பணமும் அதோடு போகும்.

கேப் என்பது பல்லின்மேல் மாட்டும் உறை, அது அந்த நாலு சுவரையும் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. எட்டு மாதம் ஆகிவிட்டதால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, அடைத்த இடம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அடைப்பு கசிந்திருந்தால் கிருமி மறுபடி வேருக்குள் போயிருக்கலாம். அதன்மேல் கேப் போட்டு மூடுவதில் அர்த்தமில்லை.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. ரூட் கேனல் செய்த எல்லாப் பல்லுக்கும் கேப் தேவை என்பது சரியல்ல. முன்பல்லில் பின்பக்கம் சின்ன துளை மட்டும் போட்டு வேலை முடிந்து, மற்றபடி பல் முழுசாக இருந்தால், பல் நிறத்தில் அடைத்துவிட்டாலே போதும்.

கேள்வி: மெட்டல் செராமிக் கேப் நாலாயிரம், சிர்கோனியா பன்னிரண்டாயிரம் என்கிறார்கள். சிர்கோனியாவுக்கு 15 வருட வாரண்டி கார்டு உண்டாம். அதையே போட்டுவிடலாமா?

பதில்: மெட்டல் செராமிக் என்பது உள்ளே உலோகச் சட்டம், மேலே பீங்கான். பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது, உழைக்கும். அதன் குறை இரண்டு. மேல் பீங்கான் சில சமயம் சில்லாகப் பெயரும். ஈறு கொஞ்சம் இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். பின்னால் இருக்கும் கடவாய்ப் பல்லில் அந்தக் கோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை, சிரித்தால் தெரியும் பல் என்றால் கவனிக்க வேண்டும்.

சிர்கோனியா ஓர் உலோக ஆக்சைடு. நகைக்கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் கல்லும் இதே சேர்மத்தின் வேறு வடிவம்தான். சுண்ணாம்புக் கட்டி போல மெத்தென்று இருக்கும் வில்லையை மெஷினில் கடைந்து, பிறகு சுமார் 1500 டிகிரி சூட்டில் சுடுவார்கள். சுடும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும், அதற்கேற்பப் பெரிதாகவே கடைவார்கள். சுட்டபின் அதை உடைப்பது கஷ்டம். உலோகம் இல்லாததால் கறுப்புக் கோடும் வராது.

வாரண்டி கார்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த 15 வருடம் பொதுவாக சிர்கோனியா உடைவதற்குத்தான். கேப் வீணாவது பெரும்பாலும் அது உடைந்து அல்ல. கேப்பும் பல்லும் சேரும் ஓரத்தில் அழுக்கு தங்கி உள்ளே பல் சொத்தையாகும், இல்லையென்றால் ஈறு கெட்டுப் பல் ஆடும். அதற்கு எந்தக் கார்டிலும் வாரண்டி கிடையாது. அந்த ஓரம் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கும். அது டாக்டர் பல்லைச் செதுக்குவதிலும், அளவு எடுப்பதிலும், லேபில் செய்கிறவர் கையிலும் இருக்கிறது. நன்றாகப் பொருந்திய நாலாயிரம் ரூபாய் கேப், அவசரத்தில் செய்த பன்னிரண்டாயிரம் ரூபாய் கேப்பைவிட அதிக நாள் உழைக்கும்.

அவரே மறுபடி: நன்றி சார். இன்னொன்று, கேப் என் மனைவிக்குத்தான். அவளுக்குக் கவரிங் செயின் போட்டாலே கழுத்து அரிக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்! கவரிங்கில் அரிப்பு வந்தால் பெரும்பாலும் காரணம் நிக்கல். விலை குறைந்த மெட்டல் செராமிக் கேப்பில் உள்ளே இருப்பது பெரும்பாலும் நிக்கல் குரோமியம் கலவை. தோலில் அரிப்பு வருகிற எல்லோருக்கும் வாயிலும் வரும் என்றில்லை, ஆனால் தெரிந்தே ஏன் சோதித்துப் பார்க்க வேண்டும்? சிர்கோனியா போடுங்கள், இல்லையென்றால் நிக்கல் இல்லாத கோபால்ட் குரோமியம் கேளுங்கள்.

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 22 வயது. மேல்வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல் பிறவியிலேயே முளைக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கிறோம். பக்கத்துப் பல் இரண்டையும் செதுக்கி மூன்று பல் பிரிட்ஜ் போட்டால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். செய்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பிரிட்ஜ் என்பது பக்கத்துப் பற்களில் கேப் மாட்டி, அவற்றோடு சேர்த்து நடுவில் இல்லாத பல்லைத் தொங்கவிடுவது. சாதாரண பிரிட்ஜுக்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் சுற்றிலும் செதுக்க வேண்டும். முழு கேப்புக்குச் செதுக்கும்போது வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். உங்கள் மகளுக்கு அவை சொத்தை இல்லாத, அடைப்பு இல்லாத பற்கள். அந்த வயதில் உள்ளே நரம்பறையும் பெரிதாக இருக்கும். ஆழமாகச் செதுக்கினால் நாளடைவில் நரம்பு செத்து ரூட் கேனல் வரை போகலாம். பிரிட்ஜையும் ஆயுள் முழுக்க இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் பல் இன்னும் கொஞ்சம் குறையும்.

மேரிலாந்து பிரிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கள். 1980களில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவானதால் அந்தப் பெயர். இல்லாத பல்லின் இடத்தில் ஒரு பல், அதன் பின்புறம் மெல்லிய தகடு போல ஓர் இறக்கை. அந்த இறக்கையைப் பக்கத்துப் பல்லின் பின்பக்கம் பசையால் ஒட்டுவோம். செதுக்குவது மிகக் குறைவு, சிலருக்கு அதுவும் தேவைப்படாது. முன்பெல்லாம் இரண்டு பக்கமும் இறக்கை வைப்பார்கள். அதில் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனால் பல் விழாது, நமக்கும் தெரியாது, அந்த இடுக்கில் சத்தமில்லாமல் சொத்தை வளரும். அதனால் இப்போது முன்பல்லுக்கு ஒரே இறக்கை வைப்பதையே நான் விரும்புகிறேன். விட்டால் முழுசாகக் கையில் வந்துவிடும், சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம்.

கடி ஆழமாக இருந்தால், அதாவது கீழ்ப்பல் மேல்பல்லின் பின்புறத்தில் இறுக்கமாக இடித்தால், இது சரிவராது. இடைவெளி போதுமா என்பதையும் நேரில்தான் பார்க்க வேண்டும். எலும்பு நன்றாக இருந்தால் இம்ப்ளான்ட்டும், அதாவது எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைப்பதும், ஒரு வழி, அதற்குச் சில மாதம் ஆகும். எதுவானாலும் மாப்பிள்ளை வீட்டார் வரும் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: கேப் போட்டால் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க முடியாது என்கிறார்களே?

பதில்: எடுக்கலாம். தலை, முகம் எடுக்கும்போது உலோகக் கேப் பக்கத்தில் படம் கொஞ்சம் கலங்கும், அதனால் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள். முழங்காலுக்கு எடுப்பதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. கழற்றி மாட்டும் பல் செட்டை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. மேலே நாலே நாலு பல் மிச்சம், அதிலும் இரண்டு ஆடுகிறது. பல் செட் வேண்டாம், பிக்ஸட்டாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். நாலு பல்லிலும் கேப் போட்டு மேல்வரிசை முழுக்க பிரிட்ஜாகக் கட்டித் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கட்டலாமா?

பதில்: வேண்டாம். பிரிட்ஜில் நடுவே தொங்கும் பல்லுக்கு வேர் கிடையாது. அதன் பாரமெல்லாம் தாங்கும் பற்களின் வேருக்குத்தான் போகும். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது என்று 1926இல் ஆன்ட்டே என்பவர் ஒரு கணக்குச் சொன்னார். நூறு வருடத்தில் அந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டோம், ஆனாலும் ஆடுகிற பல்லை வைத்து முழு வரிசையைக் கட்டும் அளவுக்கு யாரும் தளர்த்தவில்லை. ஆடுகிற கம்பு நட்டு அதன்மேல் பந்தல் போடுவது போலத்தான் இது. ஒரு வருடம் நிற்கும், அப்புறம் நாலும் சேர்ந்து கழன்று வரும்.

அப்பாவிடம் பல் செட் என்ற பேச்சை எடுக்கும்போதே, மேல் செட் பெரும்பாலும் அண்ணத்தில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், தொல்லை தருவது கீழ் செட்தான் என்பதையும் சொல்லுங்கள். அதுவும் பிடிக்கவில்லை, பணமும் உடம்பும் ஒத்துழைக்கும் என்றால், சில இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் செட்டைக் கிளிப் செய்யும் முறையும் உண்டு. பிடிமானம் நன்றாக இருக்கும், கழற்றிக் கழுவவும் முடியும்.

கேள்வி: கமர்கட் கடித்தபோது கேப் கழன்று வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, எந்த கிளினிக்கும் இல்லை. பெவிக்விக் வைத்து ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. ஈறு வெந்துவிடும், கேப் கோணலாக ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கேப்பைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், அந்தப் பக்கம் மெல்லாதீர்கள், நாளை எடுத்துப் போங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். கேப்பை விழுங்கிவிட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பெரும்பாலும் தானாக மலத்தில் வெளியேறிவிடும். விழுங்கிய பிறகு இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது நுரையீரல் பக்கம் போயிருக்கலாம்.

கேள்வி: பல் ஈறு மட்டத்துக்கு உடைந்துவிட்டது. வேருக்குள் போஸ்ட் வைத்து மேலே கேப் போடலாம் என்கிறார் டாக்டர். நிற்குமா?

பதில்: ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிச்சம் இருக்கிறதா? அந்த விளிம்பைக் கேப் வளையமாகப் பிடித்தால் நிற்கும். விளிம்பே இல்லையென்றால் கேப்பின் பாரமெல்லாம் போஸ்ட் வழியாக வேருக்குப் போய், வேர் பிளக்கும். போஸ்ட் என்பது வேருக்குள் இறக்கும் சின்னக் கம்பி. அது பல்லைப் பலப்படுத்துவதில்லை, மேலே கட்டும் மேடைக்குப் பிடி கொடுக்கிறது, அவ்வளவுதான். ஈறையும் எலும்பையும் கொஞ்சம் குறைத்து அந்த விளிம்பை வெளியே கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பிடுங்கிவிட்டு வேறு யோசிப்பது மேல்.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். இரண்டு வார லீவில் ஊருக்கு வருகிறேன். கீழே ஒரு கடவாய்ப் பல் பிடுங்கி நாலு வருடமாச்சு. பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா? சுகர் உண்டு.

பதில்: நாலு வருடம் காலியாக விட்டதால் பின்னால் இருக்கும் பல் முன்பக்கம் சாய்ந்திருக்கும், மேல்பல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் இடம் எவ்வளவு என்று தெரியும். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜ் நியாயம், இரண்டு வாரத்தில் முடியும். அவை கைபடாத பற்கள் என்றால் என் ஓட்டு இம்ப்ளான்ட்டுக்கு. டைட்டானியம் திருகு எலும்போடு சேர இரண்டிலிருந்து நாலு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இந்த லீவில் திருகு, அடுத்த லீவில் கேப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுகர் கட்டுப்பாட்டில் இருந்தால் தடையில்லை. மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டின் சமீபத்து ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். சிகரெட் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள்.

கேள்வி: இவ்வளவு செலவு செய்ய வழியில்லாதவர்கள் என்ன செய்வது?

பதில்: சென்னையில் 1953 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவு. மாணவர்கள் செய்வார்கள், ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் பார்ப்பார். ஒரே கேப்புக்குப் பலமுறை அலைய வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

கேள்வி: ஆறு வயதுப் பையனுக்குப் பால் பல்லில் வெள்ளி நிறத்தில் கேப் போடச் சொல்கிறார்கள். விழப்போகிற பல்லுக்கு எதற்கு?

பதில்: பால் கடவாய்ப் பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டும், நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். அந்தக் கேப் துருப்பிடிக்காத எஃகு. நேரம் வரும்போது பல்லோடு சேர்ந்தே விழும். போடுங்கள்.

கேள்வி: பிரிட்ஜ் போட்டு மூன்று வருடம். அந்தப் பக்கம் நாற்றம் வருகிறது. இரண்டு வேளையும் பிரஷ் செய்கிறேன்.

பதில்: பிரஷ் போகாத இடம் ஒன்று இருக்கிறது, தொங்கும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில். பிரிட்ஜில் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் சாதாரண நூல் மேலிருந்து இறங்காது. முனை விறைப்பாக இருக்கும் சூப்பர் ப்ளாஸ் நூலைப் பக்கவாட்டில் நுழைத்து, அடியில் இழுத்துத் துடைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், பல் இடுக்கில் நுழைக்கும் குச்சிப் பிரஷும் உதவும். இரவில் ஒரு முறை போதும். இரண்டு வாரம் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால், ஒரு பக்கம் பிரிட்ஜை ஒட்டிய சிமெண்ட் விட்டு உள்ளே சொத்தை ஆரம்பித்திருக்கலாம். அந்தப் பக்கம் அழுத்தும்போது ஓரத்தில் எச்சில் குமிழி வருகிறதா என்று டாக்டர் பார்ப்பார். அப்படி வந்தால் பிரிட்ஜைக் கழற்ற வேண்டும்.

கேள்வி: நேற்றுதான் கேப் போட்டேன். வாயை மூடினால் அதுதான் முதலில் இடிக்கிறது. நாளாக ஆகப் பழகிவிடும் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: பழகாது. அந்தப் பல் வலிக்க ஆரம்பிக்கும், சிலருக்குத் தாடை மூட்டும் சேர்ந்து வலிக்கும். நாளைக்கே போங்கள். கலர் தாளைக் கடிக்கச் சொல்லி, இடிக்கும் புள்ளியை மட்டும் தேய்த்து மெருகு போட்டுவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை.