மூட்டில் சீழ்: வழக்கு எதன்மேல் நிற்கும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் என் அம்மா. வயது 63, சர்க்கரை உண்டு. போன வருடம் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 2.8 லட்சம் கட்டி முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம். மூன்றாம் வாரமே தையலில் நீர் கசிந்தது. மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் ஆன்டிபயாடிக் மாத்திரைதான். ஐந்தாம் மாதம் வேறொரு டாக்டர் மூட்டில் நீர் எடுத்துச் சோதித்து, உள்ளே தொற்று என்றார். மூட்டைக் கழற்ற வேண்டுமாம். 'சர்க்கரைதான் காரணம், கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்' என்கிறது பழைய மருத்துவமனை. வழக்கு நிற்குமா?

பதில்: தொற்று வந்ததற்காக என்றால் நிற்காது. எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் நூறில் ஒன்றிரண்டு பேருக்கு வருவதுதான். சர்க்கரை இருந்தால் வாய்ப்பு கூடும். பலன் கெட்டது என்பதாலேயே அலட்சியம் ஆகாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டது தொற்று வரலாம் என்பதற்கு. வந்ததைப் பார்க்காமல் விடுவதற்கு அல்ல. கசியும் காயத்தோடு மூன்று தடவை வந்தவருக்கு உள்ளே தொற்று இருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை செய்தார்களா? ஊசி போட்டு மூட்டு நீர் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்களா? நீர் எடுக்காமலே மாத்திரை கொடுத்தால் கிருமி கல்ச்சரில் தெரியாமலே போகலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால், திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். மாதக்கணக்கானால் அந்த வழி பெரும்பாலும் அடைபடும். இதை இரண்டாவது டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். வழக்கின் உயிரே அதுதான்.

முழு கேஸ் ஷீட்டையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. அதில் 'காயம் நன்றாக உள்ளது' என்றிருக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள்! அதே தேதியில் காயத்தின் ஈரமான கட்டுத்துணியைச் செல்போனில் படம் எடுத்திருந்தால் அழிக்காதீர்கள். மாத்திரை வாங்கிய மருந்துக்கடை பில்களும் வேண்டும்.

வழக்குக்காக மலை இறங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் நீலகிரி மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு வருடம். எதற்கும் ஆபரேஷன் தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

அப்புறம், வழக்குக்காக அம்மாவின் அடுத்த ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். கழற்றும்போது எடுக்கும் திசுவின் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.