சர்ப்பக் காவுகளையும் அங்கே வழிபடும் பெண்களையும் வைத்து ஒரு புகைப்படத் தொடர் செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

நான் நாகர்கோவில்காரன். ஆவணி ஞாயிறுகளில் எங்கள் ஊர் நாகராஜா கோயிலில் பெண்கள் நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றி மஞ்சள் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவன். அந்த ஈர்ப்பில்தான் கேரளத்தின் சர்ப்பக் காவுகளை, அதாவது நாகங்களுக்கென்று வெட்டாமல் விட்ட சிறு காடுகளை, படமெடுக்கப் போனேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். என் பதில் இதுதான்: சர்ப்பம் துள்ளல் என்ற ஆட்டச் சடங்கில் தொடங்காதீர்கள், அந்தி விளக்கில் தொடங்குங்கள்.

காவுப் படங்கள் என்று தேடினால் பெரும்பாலும் சர்ப்பம் துள்ளல்தான் வந்து நிற்கும். அசத்தலான காட்சி, மறுக்கவில்லை. அரிசிமாவு, மஞ்சள்பொடி, உமிக்கரி, இலையை உலர்த்தி இடித்த பச்சை, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு என ஐந்து பொடிகளால் பின்னிப் பிணைந்த நாகங்களைத் தரையில் எழுதுவார்கள். அந்தக் கோலம்தான் களம். புள்ளிகள் விழ, துளையிட்ட சிரட்டையில் பொடியைப் போட்டுத் தட்டுவார்கள். நாகப்பாட்டு பாடும் புள்ளுவர் சமூகத்தினர் வீணையும் குடமும் வாசிக்க, அவர்களில் பெண்ணான புள்ளுவத்தி பாட, விரதமிருந்த வீட்டுப் பெண்கள் கமுகம் பூக்குலையோடு களத்தில் உட்காருவார்கள். பாட்டு ஏற ஏற ஆட்டமும் ஏறும். கடைசியில் அவிழ்ந்த கூந்தலும் பூக்குலையும் பட்டு அத்தனை கோலமும் அழிந்துபோகும்.

தன்னை மறந்த அந்த நிலையில் இருக்கும் பெண்ணிடம் யார் சம்மதம் கேட்பது? அவளுடைய அண்ணனோ கமிட்டிக்காரரோ "எடுத்துக்கோங்க" என்றால் அது அவள் சொன்னதாகாது. மறுநாள் அவளிடமே படத்தைக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அவள் கண்முன்னேயே அழித்துவிடுவேன். களம் எழுதும் கைகளை எடுப்பதில் இந்தச் சங்கடம் இல்லை, கேட்டுவிட்டு எடுக்கலாம்.

சரி, அந்தி விளக்குக்கு வருகிறேன். தறவாடு எனப்படும் பழைய கூட்டுக் குடும்ப வீடுகளில் கன்னிமூலையில் சில சென்ட் இடத்தை வெட்டாமல் விட்டிருப்பார்கள். பாலை மரம், தொங்கும் கொடிகள், நடுவே, நாகங்கள் குடியிருப்பதாக நம்பும், பாசி பிடித்த சித்திரகூடக் கல். சாயங்காலம் கை கால் கழுவி, ஒரு பெண் எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு போவாள். ஏற்றுவாள், கும்பிடுவாள், வந்துவிடுவாள். மொத்தமே சில நிமிடம். கூட்டுக் குடும்ப முறையை ஒழித்து 1975-ல் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. சொத்து பாகம் பிரியப் பிரியக் காவுகளும் துண்டாகி, பல வீட்டுமனையாகிவிட்டன. நான் பார்த்தவரை, மிஞ்சிய காவுகள் பலவற்றில் இந்த விளக்கை நிறுத்தாத ஒரு பெண் இருக்கிறாள். உங்கள் தொடருக்கு இதைவிட என்ன விஷயம் வேண்டும்?

காட்டை மட்டும் தனியாக எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாவூர் பக்கம் இரிங்ஙோள் காவு. ஏறக்குறைய 50 ஏக்கர், நடுவில் பகவதி. தேவர்களே மரங்களாக நிற்கிறார்கள் என்பது நம்பிக்கை. விழுந்த கிளையைக்கூட யாரும் எடுத்துப் போவதில்லை.

ஹரிப்பாட்டுக்கு அருகே மண்ணாறசாலை நாகராஜா கோயிலில் பூசைக்குத் தலைமை ஒரு பெண், 'அம்மா' என்பார்கள். காட்டுத்தீயில் வெந்த பாம்புகளுக்கு மருந்திட்ட, அந்தக் கோயில் குடும்பத்துப் பெண்ணின் வயிற்றில் நாகராஜனே பிறந்தான், பூசை உரிமையைத் தாய்க்குக் கொடுத்தான் என்பது கதை. 2023-ல் உமாதேவி அந்தர்ஜனம் மறைந்தபின் சாவித்திரி அந்தர்ஜனம் அந்த இடத்துக்கு வந்தார். துலாம் மாத ஆயில்யத்தன்று போனால் உங்களுக்குக் கூட்டத்தின் முதுகுதான் கிடைக்கும். சாதாரண நாளில் போங்கள். கேமராவை எதுவரை கொண்டுபோகலாம் என்று முதலில் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேமரா விஷயம் சுருக்கமாக: ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 3200 இருந்தால் விளக்கொளி போதும். இலைக்கூரைக்குக் கீழே முகங்களில் பச்சை ஏறும், சுடர் பக்கம் ஆரஞ்சு ஏறும். அதனால் ரா ஃபைலில் எடுத்து, வீட்டில் நிதானமாகச் சரிசெய்யுங்கள். உச்சி வெயிலில் தரையெல்லாம் வெள்ளைத் திட்டுகளாகிவிடும். மூடிய வானமே நல்லது. அப்புறம், ஃபிரேமுக்கு இடைஞ்சல் என்று ஒரு கொடியைக்கூட விலக்கி ஒடிக்காதீர்கள்.

வெளியிடும்போது வீட்டுப் பெயரையும் இடக்குறியையும் எடுத்துவிடுங்கள். பாக வழக்கு நடக்கிற காவு என்றால், உங்கள் படம் அந்தப் பெண்ணுக்கு எதிராகவே கோர்ட்டில் வந்து நிற்கலாம்.